இலவசத் தமிழ் எழுத்துரு: எங்கே எடுப்பது, எதை எடுப்பது?

வடிவமைப்பு வேலைக்குத் தமிழ் ஃபான்ட் தேடுகிறவருக்கு இன்று காசில்லாமல் நான்கு வழிகள் இருக்கின்றன. கணினியோடு வந்த எழுத்துருவையே பயன்படுத்தலாம். கூகுள் ஃபான்ட்ஸ் போன்ற திறந்த உரிமத் தொகுப்பிலிருந்து எடுக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் தரும் எழுத்துருக்களை இறக்கிக்கொள்ளலாம். அதுவும் இல்லாவிட்டால், பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் கைமாறிக்கொண்டிருக்கும் பழைய ஜிப் தொகுப்பு ஒன்றைத் திறக்கலாம். திரையில் பார்க்கும்போது நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். கோப்பு அச்சகத்துக்கும் வாடிக்கையாளரின் வலைத்தளத்துக்கும் போகும்போதுதான் எது நம்மோடு நிற்கும், எது காலை வாரும் என்பது புரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வேலையில் ஒன்பதுக்குத் திறந்த உரிமத் தொகுப்பு போதும். அங்கே மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய இருபது எழுத்துருக் குடும்பங்கள்தான் மிஞ்சும். ஆங்கிலத்துக்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கும்போது நமக்கு இவ்வளவுதானா என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிடலாம். அந்தச் சோதனையைச் செய்யாமல் “அழகான தமிழ் ஃபான்ட்” என்று தேடி, முதலில் வந்ததை இறக்குவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

இலவசம் என்றால் எந்த இலவசம்?

உரிமத்தை முதலில் பார்த்துவிடுவோம். ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கும் எழுத்துருவை உங்கள் மகளின் பிறந்தநாள் அட்டைக்குப் பயன்படுத்தலாம். கடைக்காரர் பணம் கொடுத்துக் கேட்ட பெயர்ப்பலகைக்குப் பயன்படுத்தக் கூடாது. டாஃபான்ட் தளத்தில் ஒவ்வொரு எழுத்துருவின் பக்கத்திலும் அது எந்த வகை என்ற குறிப்பு இருக்கும். அதைப் படிக்காமல் டவுன்லோட் பொத்தானை அழுத்துகிறவர்களே அதிகம். ஃபான்ட் ஸ்குவிரல் தளம் வணிகப் பயன்பாட்டுக்கு ஏற்றவற்றைப் பொறுக்கி வைப்பதால் கொஞ்சம் நிம்மதி. அங்கேயும் உரிமக் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

நம் வேலைக்கு மிகவும் தோதானது எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் (ஓஎஃப்எல்). இப்போது புழக்கத்தில் இருக்கும் அதன் 1.1 பதிப்பு 2007-இல் வந்தது. அதன்படி அச்சடிக்கலாம், லோகோ செய்யலாம், சட்டையில் போடலாம், பிடிஎஃபில் பொதிக்கலாம், செயலிக்குள் வைக்கலாம், வலைத்தளத்தில் ஏற்றலாம். வடிவத்தை மாற்றவும் செய்யலாம். மாற்றியதை வெளியிடுவதாக இருந்தால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். மூலப் பெயர் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தால் வேறு பெயர் சூட்ட வேண்டும். எழுத்துருவைத் தனிப்பொருளாக விற்கக் கூடாது. முக்கியமான கட்டுப்பாடுகள் இவைதான். நீங்கள் அதை வைத்துச் செய்த போஸ்டருக்கோ புத்தகத்துக்கோ இந்த உரிமம் ஒட்டிக்கொள்ளாது.

கணினியோடு வரும் எழுத்துருக்களின் கதை வேறு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து லதா, பிறகு விண்டோஸ் 7-இல் விஜயா, விண்டோஸ் 8-இல் நிர்மலா யூஐ என்று மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்திருக்கிறது. மேக் கணினியில் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி இருக்கிறது. இவற்றைக் கொண்டு கடிதம், நோட்டீஸ், அலுவலக அறிக்கை எல்லாம் தாராளமாக அச்சடிக்கலாம். ஆனால் அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து வலைத்தளத்தில் ஏற்றவோ, வாடிக்கையாளருக்கு அனுப்பவோ உரிமை கிடையாது. வேலை அந்த ஒரு கணினியை விட்டு வெளியே போகாது என்றால் சரி. போகும் என்றால் இந்த வழி முட்டுச்சந்து.

ஜிப் தொகுப்பை ஏன் தள்ளி வைக்கிறேன்

பழைய தொகுப்புகளுக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க முடியாது. தூரிகையில் எழுதியது போன்றவை, கோயில் திருவிழா நோட்டீஸுக்கு ஏற்ற தடித்த நெளிவு எழுத்துகள், கல்யாணப் பத்திரிகைக்கான கொடிச் சுருள்கள் என்று அங்கே கிடைக்கும் விதவிதமான வடிவங்கள் திறந்த தொகுப்புகளில் இன்னும் வரவில்லை. டிடிபி கடைகள் அவற்றை விடாமல் வைத்திருப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

ஆனால் அவற்றில் பெரும்பாலானவை யுனிகோடு, அதாவது எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடு, இல்லை. பாமினி முதலான பழைய குறியீடுகளில், திரையில் ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகவே இருக்கும். எழுத்துருவை மாற்றிய மறுநொடி அந்தக் குவியல் வெளியே வந்துவிடும். பிடிஎஃபில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைத் தமிழாகப் படிக்காது. வாடிக்கையாளர் அதே வாசகத்தை ஃபேஸ்புக்கில் போடக் கேட்டால் குறியீடு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். எடுத்த பிறகு பிழை திருத்தவும் வேண்டும்.

உரிமம் இன்னும் பெரிய சிக்கல். பல தொகுப்புகளில் உரிமக் கோப்பே இருக்காது. விலைக்கு விற்கப்படும் எழுத்துருக்களின் திருட்டுப் பிரதியும், யாரோ நல்ல மனதோடு செய்து இலவசமாகக் கொடுத்ததும் ஒரே கோப்புறையில் கலந்து கிடக்கும். எது எது என்று பிரித்தறிய வழியே கிடையாது. தமிழ் எழுத்துரு செய்கிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரு குடும்பத்தை முழுதாக வரைந்து முடிக்க மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்பைத் திருட்டுப் பிரதியாகப் பயன்படுத்திவிட்டு, தமிழில் நல்ல எழுத்துரு வரவில்லையே என்று நாம் குறைப்பட முடியாது. நெளிவு எழுத்து கட்டாயம் வேண்டும் என்றால், எழுதத் தெரிந்த ஓவியரிடம் தலைப்பை மட்டும் கையால் எழுதி வாங்கலாம். செலவும் நாம் பயப்படும் அளவுக்கு ஆகாது. வேறு எந்தப் பத்திரிகையிலும் இல்லாத தலைப்பும் கிடைக்கும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் எழுத்துருக்கள் திறந்த தொகுப்புக்கும் ஜிப் தொகுப்புக்கும் நடுவில் நிற்கின்றன. 2010-இல் தமிழ்நாடு அரசு யுனிகோடையும், தமிழுக்கென்றே அமைந்த டேஸ்-16 குறியீட்டையும் தரமாக அறிவித்த பிறகு, இரண்டு குறியீட்டிலும் எழுத்துருக்கள் வெளிவந்தன. இறக்கும்போது பெயரின் முன்னொட்டைக் கவனியுங்கள். டிஏயூ என்று தொடங்குவது யுனிகோடு. டிஏசி என்று தொடங்குவது டேஸ்-16. இரண்டாவது வகையில் தட்டிய வாசகம் மற்ற எழுத்துருக்களில் தெரியாது. அரசு அலுவலக ஆவணங்களுக்கும் பாடப்புத்தகச் சாயலில் வரும் பணிகளுக்கும் டிஏயூ மருதம் போன்றவை பொருத்தமானவை. நவீனமான விளம்பரத்துக்கு இவற்றை நான் எடுக்க மாட்டேன்.

சோதனை வரி

எந்த எழுத்துருவை எடுப்பதற்கு முன்னாலும் இப்படி ஒரு வரியைத் தட்டிப் பாருங்கள்: “ஸ்ரீவில்லிபுத்தூர் கௌரி, ஞாயிறு இரவு 9.45 ரயிலில் ₹1,350 கொடுத்து ஐந்து ஜோடி லக்ஷ்மி விளக்குகளை ஹூப்ளிக்கு அனுப்பியதைப் பாராட்டினார்கள்.”

பொருளை விடுங்கள், எழுத்துகளைப் பாருங்கள். ‘பாராட்டினார்கள்’ என்ற சொல்லில் ரகரமும் துணைக்காலும் மாறி மாறி வருகின்றன. ரகரத்தின் அடியில் இறங்கும் வால் தெளிவாக இருந்தால்தான் வாசிப்பவர் தடுமாறாமல் போவார். சில எழுத்துருக்களில் சிறிய அளவில் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘ஸ்ரீ’ ஒரே எழுத்தாகச் சேர்கிறதா, ‘க்ஷ்’ மேல் புள்ளி நடுவில் உட்கார்கிறதா, ‘ஹூ’வில் பின்னால் வரும் குறி இடிக்கிறதா என்று பாருங்கள். ஞ, ஐ, ஜ மூன்றிலும் சுழிகள் நெருக்கமானவை. போல்டாக்கி எட்டுப் பாயிண்ட்டுக்குக் குறைத்தால் அந்தச் சுழிகள் அடைத்துக் கறுப்புப் பொட்டாகின்றனவா என்று அச்செடுத்தே பார்க்க வேண்டும். திரை பொய் சொல்லும். புள்ளியும் அப்படித்தான். வளையமாக வரையப்பட்ட புள்ளி நல்ல தாளில் அழகாக இருக்கும், மட்டமான தாளில் மை பரவி மூடிக்கொள்ளும்.

எண்களையும் ரூபாய்க் குறியையும் மறந்துவிடாதீர்கள். விலைப்பட்டியலும் அழைப்பிதழும் எண்களால் நிறைந்தவை. தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் எண் மட்டும் ஓங்கி நின்றால் முழு வரியும் கோணலாகத் தெரியும்.

நீண்ட வாசிப்புக்கு

புத்தகம், சிற்றிதழ், ஆண்டறிக்கை போன்ற வேலைகளுக்கு நான் மூன்று பெயர்களைத்தான் எதிரெதிரே வைப்பேன்: முக்த மலர், நோட்டோ செரிஃப் தமிழ், டைரோ தமிழ்.

முக்த மலர் மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினர் செய்தது. ஏழு தடிமன்கள் உண்டு. கோடு ஏறக்குறைய ஒரே சீராக ஓடும். சுழிகள் திறந்து இருக்கும். ஆங்கில எழுத்தும் அதே கையால் வரைந்தது போலப் பொருந்தும். தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும் ஆண்டறிக்கைக்கும் வலைத்தளத்துக்கும் இதைவிடப் பத்திரமான தேர்வு எனக்குத் தெரியவில்லை. ஆனால் இருநூறு பக்க நாவலை இதில் அமைத்தால் கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கும்.

நாவலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ். கோடு தடித்தும் மெலிந்தும் ஓடுவதால் பழைய ஈய அச்சுப் புத்தகங்களில் பழகிய கண்ணுக்கு இது சொந்தம்போல இருக்கும். மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமன் இருப்பதால் அத்தியாயத் தலைப்பு, உள்தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில் முடித்துவிடலாம். மெலிந்த கோடுகள் ஏழு பாயிண்ட் அடிக்குறிப்பில் அறுந்துபோகும் அபாயம் உண்டு. அங்கே மட்டும் ஒரு படி தடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டோவின் சில பழைய பதிப்புகளில் ஆங்கில எழுத்தே கிடையாது. அப்போது மென்பொருள் வேறு ஏதாவது ஒன்றைத் தானாகச் செருகிவிடும். ஆங்கிலத்துக்கு நோட்டோ செரிஃபைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

டைரோ தமிழ் இந்த மூன்றில் மிகவும் பண்பட்டது என்பது என் எண்ணம். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் தன் மூர்த்தி செவ்விலக்கிய நூல் வரிசைக்காகச் செய்யச் சொன்ன இந்திய எழுத்துருக்களின் வழியில் வந்தது. பக்கம் முழுவதும் நிரப்பிப் பார்த்தால் எழுத்தின் கருமையும் தாளின் வெண்மையும் கலந்த சாம்பல் நிறம் சீராகப் பரவும்; எந்த எழுத்தும் முண்டியடித்து முன்னால் வராது. சங்கப் பாடலோ உரையோ பதிப்பிக்கிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். குறை ஒன்றுதான்: நேரெழுத்தும் சாய்வெழுத்தும் மட்டும், போல்ட் கிடையாது. மென்பொருளில் போல்ட் பொத்தானை அழுத்தினால் அது எழுத்தின் ஓரத்தை வீங்கவைத்துப் போலித் தடிமன் காட்டும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். தலைப்புக்கு வேறொரு குடும்பத்தைத் துணைக்கு வையுங்கள்.

ஹிந்த் மதுரை ஐந்து தடிமன்களோடு வருகிறது, செயலித் திரைகளுக்கும் படிவங்களுக்கும் நல்லது. மீரா இனிமை, பவனம் இரண்டும் ஒற்றைத் தடிமன்தான். சிறிய வேலைக்குப் போதும்.

எதை எடுத்தாலும் வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். நமக்கு மேலே ஈகாரச் சுழி, கீழே ஊகார வளைவு இரண்டும் உண்டு. ஆங்கில வார்ப்புருவில் பத்துப் பாயிண்ட் எழுத்துக்குப் பன்னிரண்டு பாயிண்ட் வரி இடைவெளி என்று வைத்திருப்பதில் அப்படியே தமிழை ஊற்றினால் மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். பத்துப் பாயிண்ட்டுக்குப் பதினைந்தில் தொடங்கி, எழுத்துருவைப் பொறுத்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

தலைப்புக்கும் போஸ்டருக்கும்

இங்கே என் முதல் தேர்வு அனேக் தமிழ். இதையும் ஏக் டைப் குழுவினர்தான் 2022-இல் பல இந்திய எழுத்துகளுக்குச் சேர்த்து வெளியிட்டார்கள். இது மாறுநிலை எழுத்துரு: தடிமனை நூறிலிருந்து எண்ணூறு வரையும், அகலத்தை எழுபத்தைந்து விழுக்காட்டிலிருந்து நூற்றிருபத்தைந்து வரையும் நகர்த்தலாம். அகலத்தை நகர்த்துவது தமிழுக்கு எவ்வளவு பெரிய வரம் என்பது ஃப்ளெக்ஸ் வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். ‘விண்ணப்பிக்கவேண்டியவர்கள்’ என்ற ஒற்றைச் சொல் ஆறு அடி பேனரில் அடங்காதபோது, எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கி ஒல்லியாக்குவதுதான் வழக்கம். அப்படி அமுக்கினால் நிற்கும் கோடுகள் இளைத்துவிடும், படுத்த கோடுகள் அதே பருமனில் இருக்கும். டகரம் ஊனமாகத் தெரியும். அனேக்கின் ஒடுங்கிய வடிவத்தில் வடிவமைப்பாளரே கோடுகளைச் சமன் செய்து கொடுத்திருக்கிறார். நோட்டோ சான்ஸ் தமிழிலும் ஒடுங்கிய வடிவங்கள் உண்டு, ஆனால் அதன் முகம் நடுநிலையானது. போஸ்டரில் குரல் எழும்பாது.

பாலூ தம்பி உருண்டு திரண்ட எழுத்து. இதன் இரண்டாம் பதிப்பில் ஐந்து தடிமன்கள். குழந்தைகள் புத்தக அட்டை, ஐஸ்கிரீம் கடை, பள்ளி ஆண்டுவிழா என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். இரங்கல் அறிவிப்பில் இதைப் பார்த்திருக்கிறேன், மனசு வலித்தது.

கட்டமரன் ப்ரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது, ஒன்பது தடிமன். மெல்லியவை நகைக்கடை, துணிக்கடை விளம்பரங்களில் எடுப்பாக இருக்கும். அரிமா, நுனிகளில் ஒரு நெளிவோடு வருவது. கல்யாணப் பத்திரிகைக்கு இலவசத்தில் இன்று கிடைப்பவற்றில் இதைத்தான் முதலில் காட்டுவேன். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த கவிவாணர், கையால் சாய்த்து எழுதியது போன்றது. கவிதை வரி, மேற்கோள் அட்டை என்று நாலைந்து வரிக்குள் நிறுத்திக்கொண்டால் அழகு, ஒரு பத்திக்கு மேல் போனால் கண் களைத்துவிடும். காயினி பருத்த எழுத்து. ஓய் அதைவிடப் பருத்தது. ஒரு சொல்லுக்கு மேல் தாங்காது, அந்த ஒரு சொல்லை எங்கிருந்தும் பார்க்க வைக்கும்.

ஆங்கிலத்துக்கு மட்டும் எழுத்துரு தேவைப்படும் வேலையும் நமக்கு வரும். இந்தியன் டைப் ஃபவுண்டரி 2021-இல் தொடங்கிய ஃபான்ட்ஷேர், லீக் ஆஃப் மூவபிள் டைப், பிரான்சின் வெல்வெட்டீன் ஆகிய மூன்றும் நல்ல இடங்கள். ஃபான்ட்ஷேரில் பல எழுத்துருக்கள் வணிகத்துக்கும் இலவசம்தான் என்றாலும் அந்த நிறுவனத்தின் சொந்த உரிமத்தில் வருகின்றன. எஸ்ஐஎல் உரிமம் தரும் சுதந்திரம் எல்லாம் அதில் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: பாப்பின்ஸ் எல்லோருக்கும் பிடித்த எழுத்துரு, ஆனால் அதில் இருப்பது லத்தீனும் தேவநாகரியும்தான். தமிழைத் தட்டினால் கணினி வேறு எழுத்துருவை இரவல் வாங்கிக் காட்டும். உங்கள் கணினியில் ஒன்றைக் காட்டும், வாடிக்கையாளர் கணினியில் வேறொன்றைக் காட்டும். பாப்பின்ஸோடு பக்கத்தில் வைக்கத் தமிழுக்குக் கட்டமரன் ஓரளவு ஒத்துப்போகிறது.

மென்பொருள் செய்யும் கோளாறு

‘கொடி’ என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? எழுத்துருவைத் திட்டாதீர்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பியை வேர்ல்டு ரெடி வகைக்கு மாற்றினால் கொம்பு இடத்துக்கு வந்துவிடும். பழைய ஃபோட்டோஷாப்பில் டைப் விருப்பங்களுக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான உரை இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்க்ஸ்கேப், கிம்ப், லிப்ரே ஆபிஸ் மூன்றிலும் இந்தத் தொல்லையே இல்லை, காசும் கிடையாது. புத்தகம் அமைக்க ஸ்கிரைபஸ் எடுப்பவர்கள் 1.5.3-க்குப் பிந்திய பதிப்பாகப் பார்த்து எடுக்கவும், அதற்கு முன்னால் தமிழ் ஒழுங்காக வராது.

அனேக் போன்ற மாறுநிலை எழுத்துருவைப் பழைய கோரல்டிரா அடையாளம் கண்டுகொள்ளாது. கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கிய ஜிப்புக்குள் ஸ்டாட்டிக் என்று ஒரு கோப்புறை இருக்கும். அதில் ஒவ்வொரு தடிமனும் தனித்தனிக் கோப்பாக இருக்கிறது, அதை நிறுவிக்கொள்ளுங்கள். வலைத்தளத்துக்கு என்றால் எழுத்துருவைக் கூகுளின் சேவையகத்திலிருந்து அழைக்காமல் தளத்தின் சொந்தச் சேவையகத்திலேயே வைப்பது மேல். 2022-இல் முனிக் நீதிமன்றம் ஒன்று, பார்வையாளரின் ஐபி முகவரி கூகுளுக்குப் போனதற்காக ஒரு தள உரிமையாளரை நூறு யூரோ கொடுக்கச் சொன்னது. ஐரோப்பாவில் இருக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் தளம் செய்து கொடுப்பவர்கள் இதைக் கருத்தில் வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் எழுத்துருக் கோப்பையும், அதோடு வந்த ஓஎஃப்எல் உரிமக் கோப்பையும் அந்த வேலையின் கோப்புறைக்குள்ளேயே ஒரு பிரதி போட்டு வையுங்கள். திறந்த எழுத்துருக்கள் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகின்றன. எழுத்து இடைவெளி நூலளவு மாறினாலும் முந்நூறு பக்கப் புத்தகத்தில் பத்திகள் நகர்ந்து பொருளடக்கத்தின் பக்க எண்கள் பிசகிவிடும். இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பாளர் வரும்போது, முதல் பதிப்பில் பயன்படுத்திய அதே கோப்பு கையில் இருக்க வேண்டும்.